வெல்டிங் அடிக்கும்போது பாதுகாப்பு: எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரில், கேட், ஷெட் வேலை செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. பெரும்பகுதி ராடு வைத்து அடிக்கும் சாதாரண ஆர்க் வெல்டிங்தான். புதிதாகச் சேரும் பையன்கள், வீட்டில் வேலை நடக்கும்போது எட்டிப் பார்க்கும் வீட்டுக்காரர்கள், சொந்தமாக ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் வாங்கிவிட்டு போன் பண்ணும் விவசாயிகள் என எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரலில் சுத்தியல் விழுந்தால் அந்த நொடியே வலிக்கும். வெல்டிங் தரும் அடி பெரும்பாலும் அப்படி வராது. கண் வலி நடுராத்திரியில் வரும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் அடித்த காய்ச்சல் சாயங்காலம் வரும். தீ, நாம் பூட்டிக்கொண்டு போன பிறகு வரும். நுரையீரல் கணக்கு இருபது வருடம் கழித்து வரும். அதனால் "இத்தனை நாளா அடிக்கிறேன், ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது சொன்னால் நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கரண்ட் ஒன்றுதான் கையோடு கணக்குத் தீர்க்கும்.

நேற்று கொஞ்ச நேரம்தான் வெல்டிங்கைப் பார்த்தேன். ராத்திரி கண்ணில் மண் அள்ளிப் போட்டதுபோல் அறுக்கிறது. பார்வை போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. ராடு நுனியில் எரியும் மின்பொறியான ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டது, அவ்வளவுதான். வெயிலில் தோல் கருகுவதுபோல, கண்ணுக்கு. பட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். சாதாரணமாக ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்கும் வந்தது. ஒரு கேட்டுக்கு டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்டிங்) வைக்கும்போது ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி "கண்ண மூடிக்கடா" என்பார், மூடிக்கொள்வேன். பகல் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். இமையைத் திறந்தால் எரிகிறது, மூடினால் அறுக்கிறது, ட்யூப் லைட் பக்கம் திரும்ப முடியவில்லை, கன்னமெல்லாம் தண்ணீர். பக்கத்து வீட்டு அத்தை தாய்ப்பால் விடச் சொன்னார். அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இமைமேல் வைத்தார். உருளைக்கிழங்கு ஜில்லென்று இருந்ததால் கொஞ்சம் இதமாக இருந்தது, மற்றபடி அதில் மருந்து எதுவும் இல்லை. சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, மூடிய இமைமேல் வைத்தாலும் அதே இதம்தான் கிடைக்கும். சுட்ட புண்ணுக்குள் தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் என்று எதையும் விடாதீர்கள். புண்ணில் கிருமி ஏறினால் அப்போதுதான் பார்வைக்கு உண்மையான ஆபத்து.

அதைவிட மோசமான பழக்கம், கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டு வலிக்கும்போதெல்லாம் விடுவது. டாக்டர் பரிசோதனைக்காக ஒரு முறை விடுவது வேறு. நாமே திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாமல் ஆழமாகும். இருட்டறை, குளிர்ந்த ஒத்தடம், வலி மாத்திரை இவை போதும். கண்ணைத் தேய்க்கக் கூடாது. இரண்டு நாளில் குறையாவிட்டாலும், பார்வை மங்கினாலும், ஒரு கண்ணில் மட்டும் வலி இருந்தாலும் கண் டாக்டரிடம் போய்விடுங்கள். வெல்டிங் வெளிச்சம் அடித்தால் பொதுவாக இரண்டு கண்ணும் வலிக்கும். ஒற்றைக் கண் வலித்தால் உள்ளே இரும்புத் துகள் இருக்க வாய்ப்பு அதிகம்.

டேக் வைக்க ஒரு நொடிதானே? கண்ணை மூடிக்கொண்டால் போதாதா?

மேலே சொன்ன என் கதை அதேதான். வெளிச்சம் தெரிந்த பிறகுதான் இமை மூடும், அதற்குள் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். ஒரு கேட்டுக்கு ஐம்பது டேக் வைத்தால் ஐம்பது கொஞ்சம். ஒரு நாளின் கணக்கைக் கண் கூட்டி வைத்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்ப்பருக்கும் முகத்தை மறைக்கும் ஒரு ஷீல்டு வேண்டும். வெல்டருக்குக் கண்ணாடி, பிடிக்கிறவனுக்கு இமை என்ற வழக்கத்தால்தான் புதுப் பையன்களுக்கு முதல் மாதத்திலேயே கண் சுட்டுப்போகிறது.

எதிரில் வெள்ளைச் சுவரோ எவர்சில்வர் தகடோ இருந்தால் வெளிச்சம் திரும்பி வந்து பக்கவாட்டில் அடிக்கும். வெல்டருக்கே ஷீல்டின் பின்பக்கமாக அடித்திருக்கிறது. தெருவோரம் வேலை செய்தால் ஒரு தார்ப்பாய் மறைப்பாவது கட்டுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நின்று பார்க்காமல் போகாது.

எந்த நம்பர் கருப்புக் கண்ணாடி வாங்குவது? கூலிங் கிளாஸ் போதுமா?

கூலிங் கிளாஸ் போதவே போதாது. 2.5 மி.மீ., 3.15 மி.மீ. ராடில் 160 ஆம்பியர் வரை அடிக்கும் வேலைக்கு 10ஆம் நம்பர் சரியாக இருக்கும். சிலருக்கு 11 வசதி. அதற்கு மேல் ஆம்பியர் போனால் 12. கேஸ் கட்டிங்குக்குப் போடும் 5ஆம் நம்பர் பச்சைக் கண்ணாடியை ஆர்க்குக்குப் போட்டு அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்க்குக்கு அதுவும் போதாது.

கருப்பு கூடக்கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். உருகும் இடம் தெரியவில்லை என்றால் தலையைக் குனிந்து கிட்டே கொண்டுபோவோம், முகம் நேராகப் புகைக்குள் போய்விடும். கருப்புக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கண்ணாடியும் போடுங்கள். பொறி அதில் விழட்டும். கருப்பில் மயிரிழை விரிசல் விட்டாலும் மாற்றிவிடுங்கள், இரண்டு மூன்று டீக்காசுதான். ஷீல்டுக்குள்ளே சாதாரண வெள்ளை காகிள்ஸ் எப்போதும் மாட்டியிருப்பது நல்லது. வெல்டிங் மேல் படியும் ஓட்டை (ஸ்லாக்) தட்ட ஷீல்டை இறக்கும்போதுதான் சூடான சில்லு கண்ணுக்குப் பறக்கும்.

தானாகக் கருக்கும் ஹெல்மெட் நம்பலாமா? கருப்பதற்கு முன் அடித்துவிடாதா?

தரச் சான்று உள்ள ஹெல்மெட்டை நம்பலாம். அதன் கண்ணாடி கருக்காத நிலையிலும் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். கருப்பது கண்கூச்சத்துக்காக. கவலைப்பட வேண்டியது முன்புறம் உள்ள சென்சாரைப் பற்றி. பைப்புக்குப் பின்னால் எட்டி அடிக்கும்போது சென்சார் மறைந்தால் கருக்காது. தினமும் காலையில் ஒரு தடவை வெயிலைப் பார்த்து நீட்டிக் கருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். எந்தத் தரக் குறியும் அச்சிடாத, மலிவு விலைச் சரக்கை நான் என் பையன்களுக்குக் கொடுப்பதில்லை. அதற்குக் கைப்பிடி ஷீல்டே மேல்.

கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

கட்டுக்கதை. அப்படி நடப்பதில்லை. தூசிக்காக வேண்டுமானால் கழற்றி வையுங்கள்.

மிஷினிலிருந்து வருவது 70, 80 வோல்ட்தானே? அது என்ன பண்ணும்?

ராடு தொடாமல் சும்மா இருக்கும்போது அதைக் கவ்வும் ஹோல்டரில் இருப்பது அந்த அளவு. ஆர்க் ஓடும்போது 20, 25க்கு இறங்கிவிடும். ஆகவே ஆபத்து அடிக்கும்போது அல்ல, ராடு மாற்றும்போதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வியர்வையில் ஊறிய உடம்பின் தடை ஏறத்தாழ 1000 ஓம். 80 வோல்ட் பட்டால் 80 மில்லி ஆம்பியர் ஓடும். ஏ.சி. கரண்டில் (மாறுமின்னோட்டம்) 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே கை தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 தாண்டி நெஞ்சு வழியாக ஓடினால் இதயத் துடிப்பே குலையலாம். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள், நனைந்த பனியனோடு இரும்பு ஃபிரேம் மேல் உட்கார்ந்து, நனைந்த கையுறையோடு ராடு மாற்றுகிறவருக்கு 80 வோல்ட் சின்ன வோல்ட் இல்லை. கைகள் காலி இல்லை என்று ராடை அக்குளில் இடுக்கிக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைப் பார்த்தாலே எனக்குக் கை பதறும்.

அதனால் கையுறை இரண்டு ஜோடி வையுங்கள், ஒன்று காயட்டும். ஈரத் தரையில் நின்றாலோ இரும்பின் மேல் உட்கார்ந்தாலோ ஒரு பலகையோ ரப்பர் பாயோ போடுங்கள். புது மிஷின் வாங்குவதாக இருந்தால், சும்மா இருக்கும்போது வோல்ட்டைத் தானே குறைத்துவிடும் வி.ஆர்.டி. வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏ.சி. தரும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிஷினைவிட டி.சி. (நேர்மின்னோட்டம்) தரும் இன்வெர்ட்டர் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை.

கரண்ட் லீக் ஆனால் தானே அணைக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறது. ஷாக் அடித்தால் அது ட்ரிப் ஆகிவிடும் அல்லவா?

இதைத்தான் படித்தவர்களும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மிஷினுக்குள் வரும் 230 வோல்ட் பக்கத்தில் லீக் ஆனால் ட்ரிப் ஆகும், அதற்காகக் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் வெல்டிங் பக்கம் டிரான்ஸ்ஃபார்மரால் தனியாகப் பிரிக்கப்பட்டது. ஹோல்டருக்கும் ஜாபுக்கும் (அடிக்கப்படும் இரும்புக்கும்) நடுவே உங்கள் உடம்பு மாட்டினால் அந்தக் கரண்ட் மிஷினை விட்டு வெளியே வந்து மிஷினுக்கே திரும்பிவிடுகிறது. போர்டில் உள்ள ஆர்.சி.சி.பி.க்குச் சேதியே போகாது. அங்கே உங்களைக் காப்பது காய்ந்த கையுறையும் முழுசான ஹோல்டரும் மட்டும்தான்.

இன்வெர்ட்டர் மிஷினை வீட்டு பிளக்கில் மாட்டலாமா?

2.5 மி.மீ. ராடில் சின்ன வேலை என்றால், நல்ல வயரிங் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்கில் ஓட்டலாம். அதற்கு மேல் தனி எம்.சி.பி. ஸ்விட்ச், தனி வயர்.

எந்த வேலைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது மிஷினுக்குக் கரண்ட் எடுக்கும் வயரின் நுனியைத்தான். பிளக்கே இருக்காது. மூன்று வயரில் எர்த்தை வெட்டிவிட்டு, மீதி இரண்டைத் துளையில் சொருகி, கழன்று வராமல் இருக்கத் தீக்குச்சியை வைத்து அடைத்திருப்பார்கள். நடுவே இரண்டு ஜாயிண்ட், அதன்மேல் டேப், அந்த டேப் சிமெண்ட் தண்ணீரில் கிடக்கும். வெல்டர்களைக் கரண்ட் கொல்வது ஹோல்டரில் மட்டும் அல்ல, இந்த ஜாயிண்ட்டிலும்தான். கம்பத்திலிருந்து கொக்கி போட்டு எடுப்பது திருட்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே ஃபியூஸும் இல்லை, எர்த்தும் இல்லை, அணைக்க ஸ்விட்சும் இல்லை. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்தே ஓட்டினால் சுருளுக்குள் சூடேறி உருகும். முழுக்க விரித்துப் போடுங்கள்.

எர்த் கிளாம்பை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாமா?

பெயரிலேயே குழப்பம். நாம் "எர்த்" என்று சொல்லும் அந்தத் தடித்த கேபிள் உண்மையில் எர்த் அல்ல. ஹோல்டர் வழியாகப் போன கரண்ட் மிஷினுக்குத் திரும்பி வரும் பாதை. மிஷின் பாடிக்குப் போகும் பச்சை வயர்தான் எர்த். இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு மற்றது பதில் ஆகாது.

அடிக்கிற இடத்துக்கு ஓரடி ஈரடிக்குள், துருவும் பெயிண்டும் சுரண்டிய இடத்தில் கிளாம்பைக் கடித்து நிறுத்துங்கள். தூரத்தில் தூண் கம்பியில் மாட்டினால் நூறு ஆம்பியரும் வழி தேடிக்கொண்டு வரும். எந்த வழியாக என்று நாம் சொல்ல முடியாது. ஒருமுறை ஜாபின் மேல் இரும்பு பாடி டிரில் மிஷின் ஒன்றை வைத்துவிட்டு அடித்துக்கொண்டிருந்தோம். கிளாம்ப் தளர்ந்து போயிருந்தது. திரும்பி வரும் கரண்ட் டிரில்லின் எர்த் வயர் வழியாகப் போய், கத்தரிப்பூ நிறத்தில் புகைவிட்டு வயர் முழு நீளத்துக்கும் உருகி ஒழுகியது. அது டிரில் வயர் என்பதால் கண்ணுக்குத் தெரிந்தது. சுவருக்குள் இருக்கும் வயராக இருந்தால்? கேஸ் பைப், செயின் பிளாக், கிரேன் கம்பி, பேரிங் இவற்றின் வழியாகக் கரண்ட் போகும்படி ஒருபோதும் மாட்டக் கூடாது.

மழை தூறும்போது அடிக்கலாமா?

கூடாது. நின்ற பிறகும் தரையும் கையுறையும் காய வேண்டும். நாளைக்குக் கிரகப்பிரவேசம் என்று வீட்டுக்காரர் நின்றாலும் இதே பதில்தான்.

தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி அடிக்க வேண்டியிருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

இதைத் தனி ஆளாகச் செய்யவே கூடாது. சுற்றிலும் இரும்பு, உள்ளே வியர்வை, புகை போக வழியில்லை, ஓட இடமில்லை. பூட்டியே கிடந்த இரும்புத் தொட்டியில் துருப்பிடித்ததே உள்ளிருந்த ஆக்ஸிஜனைத் தின்றிருக்கும். காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டியது குறைந்தால் மூச்சு முட்டாது, எச்சரிக்கை இருக்காது, கால் தளர்ந்து விழுவோம். ஆர்கான் வாயு விட்டு அடிக்கும் வேலையில் இன்னும் மோசம். அது காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும், வாசனை கிடையாது.

இறங்கும் முன்பும் வேலை முடியும் வரையும் காற்று ஊதும் புளோயர் வைத்துக் காற்றை மாற்றுங்கள். ஆக்ஸிஜனை அளக்கும் மீட்டர் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். டி.சி. மிஷின், அதுவும் தொட்டிக்கு வெளியே. வெளியே ஒருவர் ஸ்விட்ச் பக்கத்திலேயே நிற்க வேண்டும், டீ வாங்கப் போகக் கூடாது. உள்ளே இருப்பவர் விழுந்தால் வெளியே நிற்பவர் செய்ய வேண்டியது ஸ்விட்சை அணைப்பது, கயிறு கட்டியிருந்தால் இழுப்பது, ஆள் கூப்பிடுவது. தானும் குதித்து இறங்கினால் இரண்டு பேரும் போவார்கள். சாப்பாட்டு இடைவேளையில் கேஸ் ஹோஸையோ கேஸ் வெல்டிங் டார்ச்சையோ உள்ளே விட்டுவிட்டு ஏறாதீர்கள்.

வெல்டிங் புகை அவ்வளவு கெடுதலா? ஊதுபத்திப் புகை மாதிரிதானே?

2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. பீடி, சிகரெட் புகையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கும் அதே பிரிவு. சாதாரண இரும்பு அடிக்கும் புகையும் இதில் சேர்த்திதான். எவர்சில்வர் அடித்தால் குரோமியம், நிக்கல் வேறு. ராடில் உள்ள மாங்கனீஸ் பல வருடம் உள்ளே போனால் நரம்பைத் தாக்கி, கை நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் கொண்டுவரும்.

செலவில்லாத வழி, தலையைப் புகைத்தூணிலிருந்து வெளியே வைப்பது. புகை நேராக மேலே ஏறும். குனிந்து அதன்மேல் முகத்தை நீட்டாமல், கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்தாலே உள்ளே போவது கணிசமாகக் குறையும். ஃபேனை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். காற்று உடம்பைச் சுற்றிவந்து முகத்துக்கு முன்னால் சுழன்று புகையை அங்கேயே நிறுத்தும். பக்கத்திலிருந்து வீசட்டும்.

ஜி.ஐ. பைப் அடித்த அன்று சாயங்காலம் குளிர் காய்ச்சல் வருகிறது. பால் குடித்தால் சரியாகுமா?

அந்தக் காய்ச்சல் பைப்பின் மேல் பூசிய துத்தநாகம் ஆவியாகி உள்ளே போனதால் வருவது. வாயில் உலோகச் சுவை, தாகம், நாலைந்து மணி நேரம் கழித்து நடுக்கம், உடம்பு வலி. ஃப்ளூ என்று நினைத்துப் படுத்துவிடுவோம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். மூச்சுத் திணறலோ நெஞ்சிறுக்கமோ இருந்தால் அது வேறு விஷயம், டாக்டரிடம் "ஜி.ஐ. அடித்தேன்" என்று சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

பால், வெல்லம், வாழைப்பழம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் அவை போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. பாலைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் மூடிய அறைக்குள் ஜி.ஐ. அடிப்பதுதான் நடக்கிறது. ஜாயிண்ட்டின் இரு பக்கமும் இரண்டு விரல் அகலம் கிரைண்டரால் பூச்சை எடுத்துவிட்டு, திறந்தவெளியில், காற்று வரும் பக்கம் நின்று அடியுங்கள். கிரைண்ட் பண்ணும்போதும் மாஸ்க் வேண்டும்.

துண்டைக் கட்டிக்கொண்டால் போதுமா?

போதாது. புகையின் துகள் ஒரு மைக்ரானைவிடச் சின்னது, துண்டு நூலின் இடைவெளி அதற்கு வாசல் மாதிரி. என்.95 அல்லது எஃப்.எஃப்.பி.2 மாஸ்க் கட்டாயம் வேண்டும், எவர்சில்வருக்கு அதைவிட உயர்ந்தது. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். மாஸ்க் துகளைத்தான் தடுக்கும், ஆர்கானையும் ஆக்ஸிஜன் குறைவையும் தடுக்காது.

ஆயில் பிசுக்கைத் துடைத்துவிட்டு அடிப்பது நல்லதுதானே?

எதைக் கொண்டு துடைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. சில பிரேக் கிளீனர்களிலும் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களிலும் குளோரின் உண்டு. காயாமல் அடித்தால் ஆர்க்கின் சூட்டிலும் கதிரிலும் அது ஃபாஸ்ஜீனாக மாறலாம். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. இதுவும் தாமதமாகத்தான் காட்டும். பகலில் லேசான இருமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு அடியுங்கள். தின்னர் என்றால் தீப்பிடிக்கும் பயம், அதையும் நன்றாகக் காயவிட வேண்டும்.

காலி டீசல் டேங்க், காலி ட்ரம்முக்கு ஓட்டை அடைக்க வேண்டும். காலிதானே?

நிரம்பிய ட்ரம்மைவிடக் காலி ட்ரம்தான் வெடிக்கும். காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தால் போதும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும். டீசல் அப்படியில்லை என்று நினைக்கிறார்கள். ஆறின டீசல் சாதுதான், ஆனால் ஆர்க் தகட்டைச் சுட்டதும் இடுக்கிலும் துருவிலும் ஊறியிருப்பது ஆவியாகிவிடும். மூடியைத் திறந்து வைத்தாலும், ஒரு நாள் வெயிலில் காயவைத்தாலும் தீராது. எண்ணெய், ரசாயனம், பெயிண்ட் எது இருந்த ட்ரம்மாக இருந்தாலும் இதேதான்.

எங்கள் பட்டறையில் இந்த வேலையை எடுப்பதில்லை. ஆவி அளக்கும் மீட்டரும், நீராவியால் கழுவும் வசதியும், கற்றவரும் உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுகிறேன். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே இதற்குத் தனியாக ஒரு விதி எழுதி வைத்தார்கள் என்றால், அப்போதே எத்தனை பேர் போயிருப்பார்கள்!

இன்னொன்று: இரு முனையும் மூடிய பைப், பாக்ஸ் செக்ஷன். உள்ளே எண்ணெய் இல்லாவிட்டாலும் காற்று சூடேறி விரிந்து, உருகிய இடத்தைப் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். மூடும் முன் சின்னதாக ஒரு துளை போடுங்கள்.

பொறி விழுந்தால் அங்கேயே அணைந்துவிடுகிறதே, தீ எப்படிப் பிடிக்கும்?

அணைந்ததுபோல் தெரியும். பொறி தரையில் உருண்டு பத்து, பதினொரு மீட்டர் வரைகூடப் போகும், உயரத்திலிருந்து விழுந்தால் இன்னும் தூரம். வைக்கோல், சாக்கு, பஞ்சு, தேங்காய் நார், மரத்தூள் இவற்றில் விழுந்தால் உடனே பற்றாது, கனிந்துகொண்டே இருக்கும்.

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் 11 ஏப்ரல் 1996 அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். கட்டடத்துக்கு மேலே போகும் சாலையின் இணைப்பில் வெல்டிங் நடந்தது. உருகிய இரும்பு கீழே ஒழுகி, கூரைக்குள் வைத்திருந்த தெர்மோகோல் காப்புப் பலகையில் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவி, கீழே நிலையம் முழுக்கப் புகை சூழ்ந்தது. 17 பேர் இறந்தார்கள். மேலே அடித்தவர்களுக்குத் தங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

நம் ஊர் வீடுகளில் அதே தெர்மோகோல் ஃபால்ஸ் சீலிங்கில் இருக்கிறது. மாடியில் கைப்பிடி அடிக்கும்போது ஸ்லாபில் பைப்புக்காகப் போட்ட துளை கீழே எங்கே திறக்கிறது என்று இறங்கிப் பாருங்கள். ஒருமுறை எங்கள் பொறி அப்படி இறங்கி, கீழே பிரித்து வைத்திருந்த புது மெத்தை உறையைத் துளைத்தது. நல்லவேளை வீட்டு அம்மா அங்கே இருந்தார். அன்றிலிருந்து துளையில் ஈரச் சாக்கை அடைக்காமல் ராடு தொடுவதில்லை. பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானும் வேண்டும். மிஷின் ஓடும்போது தண்ணீர் வீசாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள்.

வண்டியில் வைத்தே சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) அடிக்கலாமா?

பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அது ஒரு காரணம். வண்டியின் கம்ப்யூட்டரும் ஆல்டர்னேட்டரும் போய்விடும் என்பது இன்னொன்று. கிளாம்ப் அடிக்கும் இடத்தை ஒட்டியே இருக்க வேண்டும். டேங்கும் டீசல் ஹோஸும் எங்கே ஓடுகின்றன என்று கீழே படுத்துப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் வண்டி என்றால் சிலிண்டரை இறக்காமல் தொடாதீர்கள்.

லுங்கியும் செருப்பும் போட்டு அடிக்கிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே?

அவர்கள் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். செருப்பு வார் இடைவெளியில் புள்ளிப் புள்ளியாகத் தழும்பு இருக்கும்.

பருத்தி பேண்ட், ஷூவுக்கு வெளியே விழ வேண்டும், மடிப்பு வைத்தால் அதில் பொறி தங்கும். பாலியஸ்டர் சட்டை, டிராக் பேண்ட் வேண்டாம், எரியும்போது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மேல் பட்டன் போடாமல் ஒரு நாள் அடித்தால் கழுத்துக்குக் கீழே முக்கோணமாகச் சிவந்து தோல் உரியும், பழைய வெல்டர்களுக்கு அந்த முக்கோணம் நிரந்தரமாகவே கருத்திருக்கும். பையில் லைட்டர் வைத்துக்கொண்டு அடிப்பது சிறிய வெடியைப் பையில் வைப்பது. தோல் ஏப்ரனும் கையுறையும் வாங்க முடியும்போது வாங்கலாம் என்று தள்ளாதீர்கள், மிஷின் வாங்கும் பில்லிலேயே சேர்த்து வாங்குங்கள்.

சுட்டுவிட்டால் என்ன போடுவது?

ஓடும் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம். பேஸ்ட், மாவு, இங்க், நெய் வேண்டாம். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.

பக்கத்தில் இருப்பவரைக் கரண்ட் பிடித்துவிட்டால்?

அவரைத் தொடாதீர்கள். மெயின் ஸ்விட்சை அணையுங்கள். எட்டாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் கேபிளைத் தள்ளுங்கள், நீங்கள் நிற்கும் இடமும் காய்ந்திருக்க வேண்டும். மூச்சு இல்லை, அசைவு இல்லை என்றால் 108க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை வேகத்தில் அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை. எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும், இதயத்தின் தடுமாற்றம் பிறகும் வரலாம். எங்கள் மெயின் ஸ்விட்ச் முன்னால் எதையும் சாத்தி வைக்க விடுவதில்லை, ஏணியைக்கூட.

பேஸ்மேக்கர் வைத்தவர் அடிக்கலாமா?

அதை வைத்த டாக்டரிடம் கேட்காமல் பக்கத்தில்கூட நிற்க வேண்டாம். மற்றவர்களும் கேபிளைத் தோளிலோ இடுப்பிலோ சுற்றிக்கொண்டு அடிக்காதீர்கள்.

வேலை முடித்துக் கிளம்பும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஹோல்டரில் மிச்ச ராடை விட்டுவிட்டுப் போகாதீர்கள், கழற்றித் தகர டின்னில் போடுங்கள். தரையில் கிடந்தால் மிதித்து உருண்டு விழுவது ஒரு பக்கம், சூடு ஆறாத துண்டு செருப்பைத் துளைப்பது இன்னொரு பக்கம். சூடான ஜாபில் சாக்பீஸால் "சூடு" என்று எழுதி வையுங்கள். பெயிண்டர் தெரியாமல் கை வைப்பார். மிஷின் ஸ்விட்ச் மட்டுமல்ல, மெயினையும் அணையுங்கள்.

பிறகு உடனே கிளம்ப வேண்டாம். குறைந்தது அரை மணி நேரம், பஞ்சோ மரமோ தெர்மோகோலோ உள்ள இடம் என்றால் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். டீ சொல்லிவிட்டுக் கணக்கு எழுதுங்கள், சாமான் கட்டுங்கள். போகும் முன் மூலை முடுக்கு, சாக்கு, கீழ்த் தளம் எல்லாம் ஒரு சுற்று சுற்றி, சந்தேகம் உள்ள இடத்தில் புறங்கையை நீட்டிச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். மோப்பமும் பிடியுங்கள். எரிகிற வாசனை கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் வரும்.